மழை ஓய்ந்த மலைநாட்டுக்கு: நேபாளப் பயணம் திட்டமிடுவோர் கவனத்திற்கு

ஆவணி பிறந்ததும் எங்கள் இதயநோய், நீரிழிவுப் புறநோயாளர் பிரிவுகளில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: "முக்திநாத் யாத்திரைக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். போகலாமா, டாக்டர்?" கேட்பவர்களில் பலர் அறுபதைக் கடந்தவர்கள். சிலருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் இருக்கிறது. சிலர் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உண்பவர்கள். முன்பணம் கட்டிய பிறகே அநேகமாகக் கேட்கிறார்கள். ஆகவே இவ்விதழில் அக்கேள்விக்குச் சற்று விரிவாகவே விடையளிக்க முற்படுகிறோம்.

போகவே வேண்டாம் என்று தடுப்பது எங்கள் நோக்கமன்று. நோய் கட்டுக்குள் இருப்பவர்களில் பெரும்பாலோர் தக்க ஆயத்தத்துடன் நேபாளத்தின் மலைப்பகுதிக்குச் சென்று நலமாகத் திரும்ப முடியும். ஆனால் அந்த நலம் எந்த மாதத்தில் புறப்படுகிறோம் என்பதைக் காட்டிலும், எந்த இரவை எந்த உயரத்தில் கழிக்கிறோம் என்பதையே பெரிதும் சார்ந்திருக்கிறது. பயண அட்டவணை கைக்கு வந்தவுடன் எல்லோரும் தரிசன நாள் எது என்று பார்க்கிறார்கள். ஒவ்வோர் இரவும் படுக்கப்போகும் ஊர் எது, அதன் உயரம் என்ன என்று பார்ப்பவர் மிகச் சிலர்.

பருவம் தருவதும் தராததும்

நேபாளத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம். ஆண்டு மழையின் பெரும்பகுதி அந்த நான்கு மாதங்களிலேயே பொழிந்துவிடுகிறது. மலைச்சாலைகளில் மண் சரியும். சிறு விமானங்கள் நாட்கணக்கில் பறக்காமல் நிற்கும். அக்டோபரில் நிலைமை தலைகீழாகிறது. நம் ஊரில் ஐப்பசி அடைமழை தொடங்கும் நாட்களில் அங்கே வானம் கழுவித் துடைத்ததுபோல் இருக்கும். தவளகிரியும் அன்னபூர்ணாவும் பொக்காராவிலிருந்தே தெளிவாகத் தெரியும். அக்டோபர் தொடங்கி நவம்பர் இறுதி வரையிலான இந்த மழையற்ற பருவத்தையே யாத்திரிகர்களும் மலையேறுவோரும் விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள். அது சரியான தேர்வுதான்.

ஆயினும் பருவத்தை முழுமையாக நம்பிவிடவும் கூடாது. 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம் இமயத்தை எட்டிப் பெரும் பனிப்புயலாக மாறியது. முக்திநாத்துக்கு மேலேயுள்ள தொரோங் கணவாயிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வங்கக் கடலில் புயல் எழும் அதே மாதங்கள்தாம் அங்கே யாத்திரை மாதங்களும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். 2024 செப்டம்பரின் இறுதி நாட்களில் பெய்த பெருமழையில் காத்மாண்டு சுற்றுவட்டாரத்தில் வெள்ளமும் மண்சரிவும் இருநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டன. எனவே செப்டம்பர் கடைசி வாரத்தை மழை ஓய்ந்த காலமாகக் கருதாமல், அக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு நாள் குறிப்பதே நல்லது. தசைன், திகார் என்னும் அந்நாட்டின் பெருவிழாக்களும் இந்த மாதங்களிலேயே வருகின்றன. விழா நாட்களில் வண்டியும் அறையும் கிடைப்பது அரிது. முதியவரை அழைத்துக்கொண்டு நெரிசலில் அல்லற்படுவதைவிட விழா கழிந்த வாரத்தைத் தேர்ந்தெடுப்பது மேல்.

மார்ச், ஏப்ரல் மாதங்களும் ஓரளவு வறண்டவையே. ஆனால் காட்டுத்தீயின் புகையும் புழுதியும் அப்போது காற்றில் மிகுந்திருக்கும். ஆஸ்துமா, நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு நாங்கள் அம்மாதங்களைப் பரிந்துரைப்பதில்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கடுங்குளிர். இளைஞர்கள் போகட்டும்.

வறண்ட பருவம் வானத்தைத் தெளிவாக்கும், சாலையைத் திறந்துவிடும். காற்றில் ஆக்சிஜனைக் கூட்டித் தராது. அது மட்டுமன்று, உலர்ந்த குளிர்காற்று உடலின் நீரை நாம் உணராமலேயே உறிஞ்சிவிடும். ஒவ்வொரு மூச்சிலும் ஈரம் வெளியேறும். வியர்வை தோன்றும் முன்பே உலர்ந்துவிடுவதால் தாகமும் தெரியாது. உதடு வெடிப்பது, மூக்கில் இரத்தம் கசிவது, விடாத வறட்டிருமல் ஆகியவை அங்கே சாதாரணம். முக்திநாத் அமைந்துள்ள முஸ்டாங் மாவட்டம் இமயச் சிகரங்களின் மழைமறைவில் கிடக்கும் நிலம். பார்ப்பதற்கு லடாக் போன்ற வறண்ட மலைப்பாலை. பிற்பகலில் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் வீசும் காற்று மணலை வாரி முகத்தில் இறைக்கும். முகக்கவசம், கண்ணாடி, உதட்டுக்கும் மூக்குக்கும் பூசச் சிறிது வாசலின் ஆகிய மூன்றையும் கம்பளிச் சட்டையோடு சேர்த்தே எடுத்து வையுங்கள்.

ஊட்டிக்கும் முக்திநாத்துக்கும் உள்ள தூரம்

"நாங்கள் ஊட்டிக்கெல்லாம் போய் வந்திருக்கிறோமே, ஒன்றும் செய்யவில்லையே" என்று சொல்வோர் உண்டு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். முக்திநாத்துக்குச் செல்லும் வழியிலுள்ள ஜோம்சோம் நகரமே 2,700 மீட்டருக்கு மேல். அதாவது நம் மாநிலத்தின் பெயர்பெற்ற சிகரத்தைவிட உயரத்தில் அந்த ஊரின் கடைத்தெரு இருக்கிறது. முக்திநாதர் சன்னிதியோ 3,700 மீட்டருக்கும் மேல். ஊட்டியில் ஒன்றும் செய்யவில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் அது முக்திநாத்துக்குச் சான்றிதழ் ஆகாது.

உயரம் கூடக் கூடக் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை; எங்கும் அது ஏறத்தாழ 21 சதவீதமே. குறைவது காற்றின் அழுத்தம். சென்னையில் ஒரு மூச்சில் உள்ளே செல்லும் ஆக்சிஜனில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் ஜோம்சோமில் கிடைக்கும். முக்திநாத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. இந்தக் குறையை ஈடுகட்ட உடல் முதல் சில மணி நேரங்களில் மூச்சை ஆழமாக்குகிறது. நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது. இரத்தத்தின் அமில, காரச் சமநிலையைச் சிறுநீரகங்கள் சீர்செய்து, கூடுதல் மூச்சு இடையறாது தொடர வழிசெய்ய இரண்டு மூன்று நாட்கள் ஆகும். அந்த நாட்களைக் கொடுக்காமல் மேலேறினால் வருவதே மலைநோய்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், சோர்வு, உறக்கமின்மை ஆகியவை அதன் அடையாளங்கள். உயரத்தை அடைந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே பெரும்பாலும் தலைகாட்டும். ஆகையால் வந்து இறங்கியவுடன் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்வதில் பொருளில்லை. இரவு கழியட்டும், மறுநாள் காலையில் சொல்லுங்கள்.

இது முதியோர் நோய் என்று நினைப்பதும் சரியன்று. உடற்பயிற்சியில் தேர்ந்த பேரனுக்கும் வரும்; தாத்தாவுக்கு வராமலும் போகலாம். உடல்வலுவுக்கும் மலைநோய்க்கும் தொடர்பு குறைவு. பேரன் படிகளில் ஓடுவான், தாத்தா நின்று நின்று ஏறுவார் என்பதால் தாத்தாவே தப்பித்துக்கொள்வதும் உண்டு. முதியவர்களின் கவலை வேறு: அவர்களுக்கு ஏற்கெனவே உள்ள இதய நோயையும் நுரையீரல் நோயையும் உயரம் தூண்டிவிடக்கூடும்.

இருபது நிமிட விமானம்

பொக்காரா ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஜோம்சோமுக்குச் சிறு விமானத்தில் சுமார் இருபது நிமிடம். உலகின் மிக உயர்ந்த சிகரங்களுள் இரண்டான தவளகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கு வழியே அது பறக்கிறது. காட்சியின் அழகைச் சொல்லி முடியாது. காற்று எழும் முன் காலையிலேயே பறந்து முடித்துவிட வேண்டியிருப்பதால், பயணிகள் காலை எட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் ஜோம்சோமில் இறங்கிவிடுகிறார்கள். அன்றே ஜீப்பில் மேலும் ஆயிரம் மீட்டர் ஏற்றி, மதியத்துக்குள் தரிசனம் முடித்து, சில குழுக்களை அன்றிரவு முக்திநாத் அருகிலுள்ள ராணிபௌவாவிலேயே தங்கவைக்கிறார்கள்.

காலையில் 800 மீட்டரில் கண் விழித்தவர் அன்றிரவு 3,700 மீட்டரில் படுக்கிறார். மருத்துவர்களாகிய எங்களுக்கு அந்த அட்டவணையில் கவலை தருவது இந்த ஒரு வரிதான். 3,000 மீட்டருக்கு மேல் செல்லும்போது, இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது உலகெங்கும் மலை மருத்துவத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட பொதுவிதி. இங்கோ ஒரே நாளில் ஏறத்தாழ 3,000 மீட்டர் கூட்டப்படுகிறது. ஓர் இரவின் அறை வாடகையும் உணவும் மிச்சமாகும் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எங்களுக்குத் தென்படவில்லை.

பேருந்தோ ஜீப்போ பொக்காராவிலிருந்து பேனி, தாத்தோபானி வழியாக ஜோம்சோமை அடைய ஏறத்தாழ ஒரு பகல் முழுவதும் எடுக்கும். சாலை பல இடங்களில் கரடுமுரடானது. முதுகுவலி உள்ளவர்களுக்குச் சோதனைதான். ஆனால் அந்தச் சாலைக்கு விமானத்துக்கு இல்லாத ஒரு நற்குணம் உண்டு: நினைத்த இடத்தில் நிறுத்தலாம். சுமார் 1,200 மீட்டரிலுள்ள தாத்தோபானியில் ஓர் இரவு, 2,500 மீட்டரையொட்டிய காலோபானியிலோ அதற்குச் சற்று மேலேயுள்ள மார்ஃபாவிலோ ஓர் இரவு, ஜோம்சோமில் ஓர் இரவு எனத் தங்கிச் சென்றால் உடல் தானாகவே பழகிக்கொள்ளும். நான்காம் நாள் காலை ஜோம்சோமிலிருந்து புறப்பட்டு, முக்திநாதரைத் தரிசித்து, மாலைக்குள் ஜோம்சோமுக்கே திரும்பிவந்து படுப்பது எங்கள் விருப்பத் திட்டம். பகலில் மேலே, இரவில் கீழே.

விமானத்தில்தான் செல்வோம் என்பவர்கள் ஜோம்சோமில் இரண்டு இரவுகள் தங்கிவிட்டு மேலே செல்லுமாறு ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். அதற்குரிய கூடுதல் கட்டணத்தை மருத்துவச் செலவில் எழுதிக்கொள்ளலாம். குழுவில் ஒருவர் கேட்டால் தயங்குவார்கள். ஐந்து குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் அட்டவணை மாறும்.

ஹெலிகாப்டரில் நேரே சென்று சிறிது நேரத்தில் திரும்பிவிடும் ஏற்பாடும் உண்டு. மலைநோய் வெளிப்பட மணிக்கணக்கில் ஆகும் என்பதால் அவ்வளவு குறுகிய வருகையில் அது வருவது அரிது. ஆனால் ஆக்சிஜன் குறைவு இறங்கிய நிமிடத்திலிருந்தே இதயத்தை வேலை வாங்கும். "நேரமில்லை, சீக்கிரம்" என்று விரட்டப்பட்டுப் படியேறும்போதே மார்வலி வருகிறது. இதய நோயாளிகள் ஹெலிகாப்டரை எளிய வழி என்று எண்ணி மருத்துவரிடம் சொல்லாமலேயே போய்விடுவது ஆபத்தானது.

நோயும் மருந்தும்

இதய நோயாளிகளுக்கு ஓர் எளிய அளவுகோல்: மார்வலியோ மிகுந்த மூச்சிரைப்போ இல்லாமல் இரண்டு மாடிகளை நிற்காமல் ஏற முடிகிறதா? முடியவில்லையெனில் பயணப்பேச்சை ஒத்திவைத்துவிட்டு முதலில் எங்களைப் பாருங்கள். முடிகிறது எனில், பயணத்துக்கு முன் டிரெட்மில் பரிசோதனையோ எக்கோவோ தேவையா என்பதை உங்கள் இதயநோய் நிபுணர் முடிவு செய்வார். மாரடைப்பு வந்தோ, ஸ்டென்ட் பொருத்தியோ, பைபாஸ் செய்தோ சில மாதங்களே ஆனவர்கள் இவ்வாண்டு செல்ல வேண்டாம். சிறு உழைப்பிலேயே வரும் மார்வலி, கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பு, நுரையீரல் தமனியில் உயர் அழுத்தம், வீட்டிலேயே ஆக்சிஜன் தேவைப்படும் நுரையீரல் நோய், அண்மையில் வந்த பக்கவாதம் ஆகியவை உள்ளவர்களுக்கு எங்கள் விடை ஐயத்துக்கிடமின்றி "வேண்டாம்" என்பதே. கருவுற்ற பெண்களும் இத்தகைய உயரங்களைத் தவிர்க்க வேண்டும்.

இரத்த அழுத்தம் முதல் சில நாட்களில் வழக்கத்தைவிட உயரும். இதற்காகத் தாமாகவே மாத்திரையைக் கூட்டுவதும் கூடாது. "ஊருக்குப் போகிற இடத்தில் எதற்கு" என்று நிறுத்துவதும் கூடாது. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உண்பவர்கள் வறண்ட காற்றால் நீரிழப்புக்கு எளிதில் ஆளாவார்கள். அவர்களுக்கு அளவை மாற்றுவதா என்பதைப் புறப்படும் முன்பே பேசி முடிவுசெய்துகொள்ள வேண்டும். நெடுஞ்சாலையில் கழிப்பறை இராது என்று அஞ்சி நம் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் பயணம் செய்வது வழக்கம். அந்த மலைச்சாலையில் அது தலைவலியையும் மயக்கத்தையும் சிறுநீர்த் தொற்றையும் கொண்டுவரும். எங்கெங்கே நிறுத்துவார்கள் என்று காலையிலேயே ஓட்டுநரிடம் கேட்டு அறிந்துகொண்டு, அதற்கேற்பத் தயங்காமல் குடியுங்கள். இரத்தசோகை உள்ளவர்களின் இரத்தம் சுமந்து செல்லும் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு; ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துச் சரிசெய்துகொண்டே புறப்பட வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உயரத்தில் பசி மந்திக்கும், நடையோ கூடும். போதாக்குறைக்குத் தரிசனம் முடியும்வரை உண்பதில்லை என்ற விரதம் வேறு. வழக்கமான இன்சுலினையோ மாத்திரையையோ போட்டுக்கொண்டு வெறும் வயிற்றுடன் படியேறினால் சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடும். தாழ்சர்க்கரையின் தலைசுற்றலும் தடுமாற்றமும் மலைநோயின் அடையாளங்களைப் போலவே இருப்பதால், உடனிருப்பவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். அத்தகைய நிலையில் முதலில் சர்க்கரையைச் சோதியுங்கள். சோதிக்க வழியில்லையெனில், விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு இனிப்பான எதையேனும் கொடுத்துவிடுங்கள். குளுக்கோமீட்டர் எந்த உயரம் வரை, எந்த வெப்பநிலை வரை சரியாகக் காட்டும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். குளிர்ந்த கருவி பிழையாகக் காட்டலாம் என்பதால் உள்சட்டைப் பையில் வைத்துக் கொண்டு செல்லுங்கள். இன்சுலினும் அப்படியே. நவம்பர் இரவுகளில் ராணிபௌவாவில் தட்பம் உறைநிலைக்குக் கீழே செல்லும். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பின்னும் பயன்படாது. பையில் வைத்து அறையின் மூலையில் போட்டுவிடாமல் போர்வைக்குள் வைத்துக்கொண்டு உறங்குங்கள்.

மலைநோயைத் தடுக்க அசிட்டசோலமைடு என்னும் மாத்திரை உண்டு; டயமாக்ஸ் என்ற பெயரில் பலரும் அறிவர். மேலேறுவதற்கு முந்தைய நாள் தொடங்கி உண்பது வழக்கம். நல்ல மருந்துதான். ஆனால் சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரக நோய், கல்லீரல் நோய், சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு அது பொருந்தாமல் போகலாம். விரல் நுனிகள் மரத்துப்போவதும் அடிக்கடி சிறுநீர் கழிவதும் அதன் இயல்பான விளைவுகள். குழுவில் ஒருவர் எல்லோருக்குமாக வாங்கிவந்து பேருந்தில் பங்கிட்டுக் கொடுக்கும் வழக்கத்தை நாங்கள் அறிவோம். தயவுசெய்து அதை ஏற்காதீர்கள். மாத்திரை உண்டால் அட்டவணையைச் சுருக்கிக்கொள்ளலாம் என்பதும் இல்லை.

கற்பூரத்தைத் துணியில் முடிந்து மோந்துகொண்டே செல்வோரும் உண்டு. அதனால் இரத்தத்தில் ஆக்சிஜன் கூடுவதில்லை. மூக்கைத் திறந்துவிட்டதுபோன்ற குளிர்ச்சி மட்டுமே தோன்றும். தவறி உட்கொண்டால் அது நஞ்சு; குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். நேபாள விடுதிகளில் தரும் பூண்டு சூப்பும் மலைநோயைத் தடுக்காது, ஆனால் குளிருக்கு இதமானது, தாராளமாக அருந்தலாம். உறக்க மாத்திரையும் மதுவும் இரவில் மூச்சை அமுக்கிவிடும் என்பதால் இரண்டும் வேண்டாம்.

நூற்றெட்டுத் தாரைகள்

திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் இதுவே என்பது வைணவ மரபு. நூற்றெட்டுத் திவ்யதேசங்களுள் ஒன்று. காளி கண்டகி ஆற்றுப்படுகையில் கிடைக்கும் சாளக்கிராமக் கல்லை வீட்டில் வைத்து வழிபடும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். பௌத்தர்களுக்கும் அது புனிதத் தலமே. கோயிலின் பின்புறம் அரைவட்டமாக அமைந்த நூற்றெட்டு நீர்த்தாரைகளில் பனிமலை நீர் விழுந்துகொண்டே இருக்கிறது. அத்தனை தாரைகளின் கீழும் ஓடிச்சென்று நனைந்து, முன்னேயுள்ள இரு குளங்களிலும் மூழ்கி எழுவதே முறை என்று சொல்லப்படுகிறது. வாழ்நாள் முழுவதும் இதற்காகக் காத்திருந்தவர்களிடம் "நனையாதீர்கள்" என்று சொல்வது எங்களுக்கு எளிதாக இல்லை.

ஆயினும் நடப்பதைச் சொல்லிவிடுகிறோம். உறையும் நிலையிலுள்ள நீர் திடீரென உடலின்மேல் விழும்போது தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் நொடியில் எகிறுகிறது. மூச்சு தன்வசமிழந்து இழுக்கிறது. இதயத்தின் ஆக்சிஜன் தேவை பெருகுகிறது. அந்தத் தேவையை நிறைவேற்றப் போதிய ஆக்சிஜன் காற்றிலேயே இல்லாத இடம் அது. ஆரோக்கியமான இளைஞர் நடுங்கிச் சிரித்துக்கொண்டு வெளியே வருவார். இதயக் குழாய் அடைப்பு உள்ளவருக்கு அதுவே மாரடைப்பையோ ஒழுங்கற்ற துடிப்பையோ தூண்டலாம். நனைந்த ஆடையுடன் காற்றில் நின்றால் உடல்வெப்பம் வெகுவிரைவில் குறையும்.

இதய நோய், உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களும், எழுபதைக் கடந்த அனைவரும் தாரைகளின் நீரைக் கையில் ஏந்தித் தலையில் புரோட்சணம் செய்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குளிக்க முடியாதவர்களுக்குப் புரோட்சணமே போதும் என்பது நம் மரபில் உள்ளதுதான். நீராடியே தீருவோம் என்னும் மற்றவர்கள் ஓடாமல் நடந்து செல்லுங்கள். உலர்ந்த துண்டும் மாற்றுடையும் கம்பளித் தொப்பியும் ஏந்தி ஒருவர் அருகிலேயே நிற்கட்டும். வண்டி நிற்கும் இடத்திலிருந்து கோயில்வரை ஏற்றமும் படிகளும் உண்டு. பேச்சு திணறாத வேகமே ஏறும் வேகம். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லையெனில் நின்றுவிடுங்கள். குதிரை வாடகைக்குக் கிடைக்கும். அதில் ஏறுவதில் பக்தி குறைவு ஒன்றுமில்லை.

உடன் செல்வோர் அறிய வேண்டுவன

மலைநோய் முற்றுவதை நோயாளி அறியமாட்டார். அருகிலிருப்பவரே அறிய வேண்டும். தலைவலியும் குமட்டலும் மட்டும் இருந்தால் அன்று மேலே ஏறாமல் அதே ஊரில் ஓய்வு. குணமான பிறகே அடுத்த அடி. ஓய்வாக அமர்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தாலோ, படுத்தால் இருமல் மிகுந்து நுரையோ செந்நிறச் சளியோ வந்தாலோ நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்று பொருள். குடித்தவர்போல் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, எங்கிருக்கிறோம் என்று தெரியாமல் பிதற்றினாலோ மூளை வீங்கத் தொடங்கிவிட்டது. ஐயமிருந்தால் தரையில் கோடு கிழித்து, ஒரு காலின் குதியை மறு காலின் விரல்நுனியில் ஒட்டவைத்து நடக்கச் சொல்லிப் பாருங்கள். நடக்க முடியவில்லையெனில் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. இரவானாலும் உடனே கீழே இறக்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தால் இறங்கும் வழியில் கொடுக்கலாம். இறக்குவதற்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது. கடைகளில் விற்கும் சிறு ஆக்சிஜன் குப்பி சில நிமிடங்களுக்கே வரும்.

முக்திநாத்துக்கு ஒரு வசதி, ஜோம்சோம்வரை வண்டிப்பாதை இருப்பது; ஜீப்பில் இறங்கினாலே ஆயிரம் மீட்டர் குறைந்துவிடும். ஜோம்சோமில் மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சைகளுக்குப் பொக்காராவுக்கோ காத்மாண்டுவுக்கோ செல்ல வேண்டும். ஆகவே பயணக் காப்பீடு எடுக்கும்போது 4,000 மீட்டர் உயரம் வரையும், ஹெலிகாப்டர் மீட்பும், ஏற்கெனவே உள்ள நோய்களும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

வீட்டாரை வீணே அச்சுறுத்தும் ஒன்றும் உண்டு. உயரத்தில் உறங்குபவரின் மூச்சு ஆழமாகி, மெலிந்து, சில நொடிகள் நின்று, மீண்டும் இழுத்துக்கொண்டு தொடங்கும். பக்கத்தில் படுத்திருப்பவர் பதறி எழுப்புவார். வேறு அடையாளங்கள் இல்லாதவரை இது அங்கே பலருக்கும் நேர்வது. கீழே வந்தால் மறைந்துவிடும். அதுபோல, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் நம் ஊரில் 97, 98 காட்டுவது அங்கே ஆரோக்கியமானவருக்கும் 90-க்குக் கீழே காட்டக்கூடும். குளிர்ந்த விரலில் இன்னும் பிழையாகக் காட்டும். எண்ணைவிட முகத்தையும் நடையையும் பாருங்கள்.

மருந்துகளைத் தேவையைப்போல் இரு மடங்கு எடுத்து, இரண்டு கைப்பைகளில் பிரித்து வையுங்கள். காற்றால் விமானம் ஓரிரு நாட்கள் பறக்காமல் போவது ஜோம்சோமில் வழக்கமான செய்தி. திரும்பும் ரயிலையோ விமானத்தையோ மறுநாளுக்கே பதிவு செய்தவர்கள்தாம் அப்போது உடல்நிலையைப் பொருட்படுத்தாமல் அவசரப்படுகிறார்கள். இரண்டு நாள் இடைவெளி விட்டுப் பதிவு செய்யுங்கள். இந்தியக் குடிமக்களுக்கு நேபாளத்துக்கு விசா தேவையில்லை. விமானத்தில் செல்வோர் கடவுச்சீட்டையோ வாக்காளர் அடையாள அட்டையையோ உடன் வைத்திருக்க வேண்டும். அங்கே கடிகாரம் நம்மைவிடப் பதினைந்து நிமிடம் முன்னே ஓடும். மருந்து வேளைக்கு அது ஒரு பொருட்டன்று.

அக்டோபரிலோ நவம்பரிலோ செல்ல எண்ணுவோர் புறப்படுவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே அந்தந்தப் பிரிவில் முன்பதிவு செய்துகொண்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம். பரிசோதனைகளுக்கும், ஃப்ளூ தடுப்பூசி பலனளிக்கவும், மருந்தின் அளவை மாற்றினால் அது உடலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கவும் அவ்வளவு காலம் தேவை. வரும்போது பழைய மருத்துவக் கோப்பையும், இப்போது உண்ணும் மருந்துகள் அனைத்தையும், அண்மைய இசிஜி நகலையும் கொண்டுவாருங்கள். மருந்துகளின் பொதுப்பெயர்களையும் உங்கள் நோய்க்குறிப்பையும் ஒரே தாளில் எழுதித் தருகிறோம். அதன் நகல் உங்களிடம் ஒன்றும் உடன் வருபவரிடம் ஒன்றும் இருக்கட்டும். பயண ஏற்பாட்டாளர் தந்த அட்டவணையையும் மறவாமல் எடுத்துவாருங்கள், ஒவ்வோர் இரவும் தங்கும் ஊரின் பெயரோடு.